லூர்த்தம்மா வீட்டு ஆண்பிள்ளைகள்

கனிசியஸ் முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்துவிட்டுக் குருநகருக்குத் திரும்பி வந்தபோது உடம்போடு காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வந்தான். வந்த அன்று மத்தியானமே நடுக்கம் பிடித்துவிட்டது. வீட்டிலிருந்த போர்வை, சாக்கு எல்லாவற்றையும் போட்டு மூடியும் பல்லுக் கிட்டியது. மலேரியா என்று சொல்ல டொக்டர் தேவைப்படவில்லை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆடியில், வன்னிக்குப் போய் வந்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் கிடந்தார்கள். விரலில் குத்தி இரத்தம் பார்த்து, இரண்டு வகைக் குளிசை கொடுத்தார்கள். ஒன்று காய்ச்சலைத் தணிக்க. மற்றது, ஈரலுக்குள் ஒளிந்து கிடக்கிற கிருமி திரும்பவும் தலைதூக்காமல் இருக்க.

காய்ச்சல் விட்டது. கனிசியஸ் எழும்பியிருந்து கஞ்சி குடித்தான். அவனுடைய தங்கை ஸ்ரெல்லா அன்றுதான் மனம் ஆறி, வீட்டு வேலைகளைக் கவனிக்கத் தொடங்கினாள். அவளுக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். அடுத்த நாள் காலை வளவின் பின்பக்கம் போன கனிசியஸ், திரும்பி வரும்போது வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஸ்ரெல்லா, இஞ்சை ஒருக்கா வா. அம்மாவுக்குக் கேக்கப்படாது."

"என்ன அண்ணை?"

"சலம் கறுப்பாய்ப் போகுது. கோப்பி மாதிரி."

அவள் அவனுடைய முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். உதடு வெளிறிக் கிடந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

அந்த மஞ்சளை அவள் முன்பும் ஒருதரம் பார்த்திருக்கிறாள். எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில், நகரம் முழுக்க ஊரடங்கும் ஷெல்லுமாக இருந்த நாட்களில், அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. பக்கத்து ஒழுங்கையில் மருத்துவிச்சி இருந்தபடியால் பேறு சுகமாக முடிந்தது. மூன்றாம் நாள் பிள்ளையின் முகம் மஞ்சளாகியது. பிறகு நெஞ்சு, வயிறு, கடைசியில் உள்ளங்கால். பாலுக்கு வாய் திறக்கவில்லை. கத்தவும் சத்தில்லாமல் கிடந்தது. அவளுடைய புருஷன் சிமியோன் தடியில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வழி கேட்க வெளிக்கிட்டான். ஒழுங்கை முடிவைத் தாண்ட முடியாமல் திரும்பி வந்தான். பிள்ளையை வீட்டு வளவுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். குருவானவர் வந்து செபிக்கவே இரண்டு கிழமை சென்றது.

ஸ்ரெல்லாவின் தாய் லூர்த்தம்மாவுக்கும் அப்படித்தான் நடந்திருந்தது. அவளும் இரண்டு ஆண்குழந்தைகளைப் பிறந்த கிழமைக்குள் பறிகொடுத்தவள். கனிசியஸும் ஸ்ரெல்லாவும்தான் மிஞ்சியவர்கள். "லூர்த்தம்மா வீட்டிலை ஆம்பிளைப்பிள்ளை தங்காது" என்று குருநகரில் சொல்லுவார்கள். லூர்த்தம்மா அதை மறுத்துப் பேசியதே இல்லை. கலியாணமான புதிதில் புருஷனின் வள்ளம் காற்றில் அகப்பட்டுப் போனபோது, அவன் உயிரோடு வந்தால் பாலைதீவு அந்தோனியாரிடம் வருவேன் என்று நேர்ந்திருந்தாள். அவன் வந்தான். அவளுக்குப் போகத்தான் வாய்க்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு தடை. அந்தக் கடனுக்குத்தான் பிள்ளைகளை எடுத்தார் என்பது அவளுடைய முடிவு. ஸ்ரெல்லாவுக்கு இரண்டாவதாகப் பெண்பிள்ளை மெற்றில்டா பிறந்து நோய் நொடியில்லாமல் வளர்ந்தபோது, "பெட்டை எண்டபடியால் விட்டிட்டார்" என்றாள்.

ஆகவே கறுத்த சலத்தையும் மஞ்சள் கண்ணையும் கண்ட ஸ்ரெல்லாவுக்கு முதலில் வந்த நினைப்பு, மிஞ்சியிருந்த ஒருவனையும் எடுக்கப்போகிறது என்பதுதான். அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சிமியோனைக் கூப்பிட்டாள். அவன் மச்சானைச் சைக்கிள் கரியரில் இருத்தி, இடுப்பில் துவாயால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு மிதித்தான். ஸ்ரெல்லாவும் தாயும் பின்னால் நடந்து போய்ச் சேர்ந்தார்கள்.

வார்ட்டில் இருந்த டொக்டர் சோமசேகரம் ஒல்லியான மனிதர். ஆட்கள் வெளிநாடு போய்ப் போய் டொக்டர்மார் குறைந்திருந்த காலம். பெரியவர்களின் வார்ட்டையும் பிள்ளைகளின் வார்ட்டையும் அவரே ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தார். போத்தலில் எடுத்த சலத்தை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். குளிசைகளை வாங்கிப் பார்த்தார்.

"இந்தச் சின்னக் குளிசை எப்ப துடங்கினனீர்?"

"மூண்டு நாள் இருக்கும், ஐயா."

"இனி இதைத் தொடப்படாது. இண்டைக்கு மட்டுமில்லை, ஒரு நாளும் தொடப்படாது. நல்லாய்த் தண்ணி குடியும். ரத்தம் ஏத்த வேண்டி வந்தால் ஏத்துவம். பயப்பிடாதையும், இதிலை தப்பலாம்."

பிறகு அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "உங்கடை வீட்டிலை வேறை ஆருக்காவது இப்பிடி மஞ்சளாய் வந்ததோ?"

லூர்த்தம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்ரெல்லாதான் சொன்னாள். "என்ரை மூத்த பிள்ளைக்கு வந்தது, டொக்டர். பிறந்து மூண்டாம் நாள். தப்பேல்லை."

"பெடியனோ, பெட்டையோ?"

"பெடியன். அம்மாவுக்கும் ரண்டு பிள்ளையள் அப்பிடித்தான் போனது. அதுகளும் பெடியன்கள்."

டொக்டர் பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் அப்படியே இருந்துவிட்டார். வேலை நெருக்கத்தில் அலுத்துப் போயிருந்த முகம் மாறிவிட்டது. தெரியாத ஊரில் அலைந்து கொண்டிருந்தவன் தெரிந்த வீதியைக் கண்டதுபோல இருந்தது அவர் பார்த்த பார்வை.

"ரத்தத்திலை சிவப்புக் கலங்கள் இருக்கெல்லோ, அதுக்குள்ளை ஒரு புரதம் இருக்கு" என்று தொடங்கினார். "நொதியம் எண்டு சொல்லுவம். சில மருந்துகளும் வேறை சில சாமான்களும் கலத்தைத் தாக்கேக்கை, அந்தப் புரதம்தான் கலம் உடையாமல் காக்கிறது. உம்மடை அண்ணைக்கு அது குறைவு போலை கிடக்கு. மற்ற நாளிலை ஒண்டும் தெரியாது. வலை இழுப்பார், வள்ளம் தள்ளுவார். இந்தக் குளிசை மாதிரி ஒண்டு உள்ளுக்கை போனால் மட்டும் கலங்கள் பொலபொலவெண்டு உடையும். அந்த உடைசல்தான் சலத்திலை கறுப்பு, கண்ணிலை மஞ்சள்."

"அது ஏன் இவருக்குக் குறைஞ்சது?"

"உடம்பிலை ஒவ்வொரு புரதத்தையும் எப்பிடிச் செய்யவேணும் எண்டு பிறக்கேக்கையே எழுதிக் கிடக்கு. பரம்பரை அலகு எண்டு படிச்சிருப்பீர். அந்த எழுத்திலை ஒரு சின்னப் பிழை."

ஸ்ரெல்லா கொன்வென்றில் விஞ்ஞானம் படித்தவள். பட்டாணிக் கடலையும் நிறக்குருடும் பரீட்சைக்காக உருப்போட்ட நாட்கள் எங்கோ கிடந்தன. "அது எக்ஸ் நிறமூர்த்தத்திலை இருக்கோ, டொக்டர்?" என்று கேட்டாள்.

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"பெடியன்களுக்குத்தானே வருது. நிறக்குருடு எண்டு ஒரு கேள்வி வாறது."

"அதே கணக்குத்தான்" என்றார் டொக்டர். "பொம்பிளையளுக்கு எக்ஸ் ரண்டு. ஒண்டிலை பிழை இருந்தாலும் மற்றது ஓரளவுக்குச் சமாளிக்கும். பெடியனுக்கு ஒண்டுதான், அதுவும் தாயிட்டையிருந்து. நல்லது வந்தால் நல்லது. பிழையானது வந்தால் இவரைப் போலை. பூவா தலையா போடுற மாதிரித்தான்."

ஸ்ரெல்லா தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப என்ரை பிள்ளைக்கு என்னட்டையிருந்துதான் போனதோ?"

"உம்மட்டையிருந்தாய்த்தான் இருக்கும். உமக்கு அம்மாட்டையிருந்து. அவவுக்கு அவவைப் பெத்ததுகளிட்டையிருந்து. இதிலை ஒருத்தரும் கேட்டு வாங்கினதுமில்லை, வேணுமெண்டு குடுத்ததுமில்லை."

அவர் எழும்பியவர், என்னவோ நினைவு வந்ததுபோல நின்றார். "பிள்ளையளைச் சுத்தின துணி எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

இதென்ன கேள்வி என்று ஸ்ரெல்லாவுக்குப் பட்டது. "ரங்குப்பெட்டியிலை."

"பூச்சி வராமல் அதுக்குள்ளை வெள்ளை உருண்டை போடுறனீங்களோ?"

"பின்னை?" என்றாள் லூர்த்தம்மா. அதுவரை வாய் திறக்காதவளுக்கு, வீட்டுப் பராமரிப்பைப் பற்றிக் கேட்டதும் குரல் வந்துவிட்டது. "என்ரை கலியாணச் சீலையும் அதுக்குள்ளைதான். பிள்ளைத்துணியும் அதுக்குள்ளைதான். ஒரு பூச்சி அண்டாது. பிள்ளை பிறக்கிறதுக்கு முதல்நாள் எடுத்து வைப்பன், வாசமாய் இருக்கும்."

"இவர் பிறக்கேக்கையும் அந்தத் துணியோ?" டொக்டர் கனிசியஸைக் காட்டினார்.

"இவன் கடற்கரை வாடிக் கொட்டிலிலை பிறந்தவன், ஐயா. சோளகக் காத்துக் காலத்திலை தொழிலுக்கு நாயாற்றுக் கரைக்குப் போன இடத்திலை, நாள் இருக்கேக்கையே வலி வந்திட்டுது. மனுசன்ரை பழஞ்சாரத்தைக் கிழிச்சுத்தான் சுத்தினது."

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த கனிசியஸ் கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தான்.

"அந்த வெள்ளை உருண்டை நப்தலின்" என்றார் டொக்டர். அவருடைய குரல் தணிந்திருந்தது. "இந்தப் புரதம் குறைஞ்ச பச்சைப்பிள்ளைக்கு அதின்ரை வாசமே போதும், ரத்தம் உடையத் துடங்கிவிடும். பச்சைப்பிள்ளையின்ரை ஈரலுக்கு அவ்வளவு மஞ்சளையும் வெளியாலை தள்ளச் சக்தி காணாது. அதுதான் நடந்ததெண்டு இப்ப அடிச்சுச் சொல்லேலாது. உருண்டை இல்லாமலும் மஞ்சள் வரலாம். ஆனால் எனக்கு அப்பிடித்தான் படுது."

லூர்த்தம்மாவின் கை சுவரைத் தேடியது. "அப்ப அந்தோனியார் எடுக்கேல்லையோ? நானோ குடுத்தனான்?"

"அம்மா, நான் இருவது வருஷமாய் டொக்டர். என்ரை வீட்டு அலுமாரிக்குள்ளையும் அந்த உருண்டை கிடக்கு. பிள்ளை துணி வாசமாய் இருக்கவேணும் எண்டு நினைச்ச தாயை ஆர் குற்றம் சொல்லுவினம்?"

அவள் தலையாட்டினாள். ஆனால் கேட்டாளா என்று தெரியவில்லை.

கனிசியஸுக்கு ஒரு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். கிழமை முடிய முன்னர் சலம் தெளிந்து, கண் வெளுத்து, சோறு கேட்கத் தொடங்கினான். வீட்டில் சந்தோஷம்தான். ஆனாலும் ஸ்ரெல்லாவின் மனம் வயிற்றுப் பிள்ளையை விட்டு நகரவில்லை. பெட்டையாக இருந்தால் போதும் என்று ஒரு நாள் செபிப்பாள். மறுநாள் அப்படிக் கேட்டது, வயிற்றில் இருக்கிறது பெடியனாக இருந்தால் அவனை வேண்டாமென்று சொன்னதாகிவிடுமே என்று பயந்து, செபத்தைத் திருப்பிக் கேட்பாள். சிமியோனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். என்னாலைதான் என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

சிமியோன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஆழக்கடலுக்குப் போகத் தடை, கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில்தான் அவனுக்குத் தொழில். "என்ரை அப்பாவுக்கு முப்பது வயசிலை மொட்டை. எனக்கும் கொட்டத் துடங்கீற்றுது" என்றான். "நான் அதுக்கு அவரோடை கோவிக்கலாமோ? எனக்கு விளங்கினது இவ்வளவுதான். அந்தப் பெட்டி வீட்டுக்குள்ளை இருக்கப்படாது, பிள்ளை மஞ்சளாகினால் உடனை ஆஸ்பத்திரி. அவ்வளவும் செய்யலாம். விடு."

பெட்டி வெளியே போனது. லூர்த்தம்மாதான் போட்டாள். தனியாக முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், உருண்டைகளைப் பொறுக்கிக் கிடங்கு வெட்டிப் புதைத்தாள். துணிகளைக் கழுவச் சவுக்காரம் கிடையாத காலம். பனம்பழம் பிசைந்து அந்தக் களியில் ஊறவைத்து, அடித்து, அவித்து, மணலில் விரித்துக் காயப்போட்டாள். மணந்து பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி அவித்தாள். கடைசியில் அந்தத் துணியே வேண்டாம் என்று எல்லாவற்றையும் விளக்குத் துடைக்க விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு சிமியோனின் பழைய சாரங்களைக் கிழித்து, ஓரம் தைத்துப் பிள்ளைத்துணியாக்கினாள். அதில் எவ்வளவு நேரம் குனிந்திருந்தாலும் அவளுக்கு அலுக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் டொக்டர் கனிசியஸை வரச் சொல்லியிருந்தார். நோய் வந்த சூட்டோடு சோதித்தால் சரிவராதாம். பழைய கலங்கள் உடைந்து, இளங்கலங்கள் நிறைந்திருக்கும்போது உண்மை தெரியாது. அதனால் மூன்று மாதம் பொறுத்திருந்தார். மருத்துவபீடத்தில் யாரையோ பிடித்து இரண்டு மருந்துகளை எடுத்து வைத்திருந்தார். மின்சாரம் இல்லை. சுடுதண்ணீர்ப் போத்தலுக்குள் இளஞ்சூடான தண்ணீர் விட்டு, அதற்குள் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வைத்தார். ஒன்றில் கனிசியஸின் இரத்தம். மற்றதில், ஒப்பிட்டுப் பார்க்க, அவருடைய சொந்த இரத்தம்.

"மருந்து விட்டவுடனை ரண்டும் மண்ணிறமாகும். புரதம் இருக்கிற ரத்தம் திரும்பச் சிவக்கும்" என்றார்.

மத்தியானம் வரை வெளியே மர வாங்கில் குந்தியிருந்தார்கள். டொக்டர் குழாய்களை வெளியே எடுத்தபோது அவருடையது செவ்வரத்தம்பூப்போலச் சிவந்திருந்தது. கனிசியஸுடையது கருப்பட்டி கரைத்த தண்ணீர் மாதிரி அப்படியே கிடந்தது.

"அப்ப எனக்குக் கெட்ட ரத்தமோ, டொக்டர்?"

"நல்ல ரத்தம். கொஞ்சம் ரோசக்கார ரத்தம். மருந்துக்குப் போற இடமெல்லாம் முதல் வாயைத் திறந்து இதைச் சொல்லும், நூறு வயசு வரைக்கும் இருக்கலாம்."

மார்கழி நடுப்பகுதியில், மழைக்குள், ஸ்ரெல்லாவுக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. நேர்ஸ் சொன்னபோது அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. டொக்டர் சொல்லி வைத்தபடி கொப்பூழ்க்கொடியிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். அவள் அன்று பகலெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பின்னேரம் டொக்டர் குழாயைக் கையோடு கொண்டுவந்தார். ஒளிக்கவில்லை. அவள் பார்க்கும்படி பிடித்தார்.

மண்ணிறம்.

"சரி" என்றார். "இப்ப எங்களுக்குத் தெரியும், பிள்ளை. போன முறை தெரியாது. அந்த வித்தியாசம் சின்ன வித்தியாசமில்லை. ஒரு கிழமைக்கு இவரை என்ரை கண்ணுக்கு முன்னாலை வைச்சிருக்கப் போறன்."

ஸ்ரெல்லா பிள்ளையைப் பார்த்தாள். அவன் கண்ணை இறுக்கிக்கொண்டு, தன்னைப் பற்றி நடக்கிற கதை எதுவும் தெரியாமல், ஆவென்று கொட்டாவி விட்டான். எழுத்திலை ஒரு சின்னப் பிழை என்று டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கே அந்தப் பிழை என்று தேடுவதுபோல விரல்களையும் காதுகளையும் தடவிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒழுங்கைக்காரி அற்புதராணி பிள்ளை பார்க்க வந்தாள். நல்ல மனம் உள்ளவள். கனடாவிலிருந்து தங்கை அனுப்பி, நெடுநாளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த கம்பளிச் சட்டையும் போர்வையும் கொண்டுவந்தாள். "மழைக்குளிர், பிள்ளைக்குப் போடு" என்று பையைத் திறந்தவுடன் அந்த வாசம் வந்தது. பெட்டி வாசம்.

"கிட்டக் கொண்டு வராதையுங்கோ!" ஸ்ரெல்லா கத்திய கத்தலில் வார்ட்டே திரும்பிப் பார்த்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அற்புதராணியின் முகம் செத்துப் போயிற்று. "என்னடி, நான் கொண்டு வந்த துணி உனக்கு ஆகாதோ?"

லூர்த்தம்மா எழுந்து அவளுடைய கையைப் பிடித்து வெளி விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்ன சொன்னாளோ, ஸ்ரெல்லாவுக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் கதைத்தாள். திரும்பி வந்த அற்புதராணியின் கையில் பை இல்லை, கண் சிவந்திருந்தது. குழாயடியில் கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, தூர நின்று பிள்ளையைப் பார்த்து, "என்ரை ராசா, வடிவாய் இருக்கிறார்" என்றாள். ஸ்ரெல்லா அவளைக் கிட்ட வரச் சொல்லி, பக்கத்தில் இருத்தினாள்.

மூன்றாம் நாள் காலை மஞ்சள் வந்தது.

முதலில் முகம். ஸ்ரெல்லா விரலால் மூக்கு நுனியை அமத்தி விட்டுப் பார்த்தாள். பத்து மணிக்கு நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. ஊரடங்கும் அந்த வெள்ளைத் துணித் தடியும் கண்முன்னால் வந்து நின்றன. ஆனால் இம்முறை கூப்பிட ஆள் இருந்தது. டொக்டர் வந்தார், குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தார், பிள்ளையைத் துணி கழற்றி நீல வெளிச்சத்தின் கீழ் கிடத்தச் சொன்னார். கண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். வெளியே ஜெனரேற்றர் குமுறியது.

"இந்த வெளிச்சம் தோலிலை கிடக்கிற மஞ்சளை உடைச்சுக் கரைக்கும். சலத்தோடை போகும். நீர் விடாமல் பாலைக் குடும்" என்றார் டொக்டர். "நாளைக்குக் காலமை வரைக்கும் பாப்பம். அதுக்கு மேலை ஏறினால் ரத்தத்தை மாத்துவம். ரத்தம் குடுக்க ஆள் ஆயத்தமாய் நிக்கட்டும்."

மழையில் நனைந்து ஓடிவந்த கனிசியஸ் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான். "என்ரையை எடுங்கோ டொக்டர். எவ்வளவும் எடுங்கோ."

"உம்மடையையோ? மருமோனுக்கு இருக்கிற குறையை நீரும் கொண்டுவந்து குடுக்கப் போறீரோ? மரியாதையாய் அங்காலை இரும்."

கனிசியஸ் அசடு வழிய விலகினான். அவ்வளவு பதட்டத்துக்குள்ளும் பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்துவிட்டார்கள். சிமியோனின் இரத்தத்தைப் பார்த்தார்கள், பொருந்தியது. அவன் அன்று முழுக்க வாங்கில் ஆடாமல் அசையாமல் இருந்தான், அசைந்தால் இரத்தம் குறைந்துவிடும் என்பதுபோல. டீசல் போதாமல் ஜெனரேற்றரை இடையிடையே நிறுத்தினார்கள். நிறுத்தும்போதெல்லாம் ஸ்ரெல்லா பிள்ளையை எடுத்துப் பால் கொடுப்பாள். அவன் குடித்தான். சோம்பலாகத்தான் குடித்தான், ஆனால் குடித்தான். மூத்தவன் குடிக்காமல் விட்டதை நினைத்து, ஒவ்வொரு மிடறுக்கும் அவனுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிய மழை விட்டிருந்தது. டொக்டர் மறுபடி குதியில் குத்தினார். இரத்தம் சோதிக்கக் கொடுத்த இடத்திலிருந்து முடிவு வருகிற வரைக்கும் லூர்த்தம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள், உதடு அசையவில்லை. டொக்டர் முடிவு எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வரும்போதே சிமியோனைப் பார்த்துச் சொன்னார்.

"நீர் வீட்டை போய்ச் சாப்பிடும். உம்மடை ரத்தம் தேவையில்லை."

சிமியோனுக்கு விளங்கவில்லை. "என்ன டொக்டர், என்ன நடந்தது?"

"இறங்கீற்றுது. நேற்றையை விடக் குறைவு. இனி ஏறாது எண்டுதான் நினைக்கிறன். இன்னும் ரண்டு நாள் வெளிச்சத்துக்குக் கீழை கிடக்கட்டும், பேந்து கொண்டு போகலாம்."

ஸ்ரெல்லா கட்டிலிலேயே இருந்து, முகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஐந்து வருஷத்துக்கு முன்னர் வளவுக்குள் அடக்கம் செய்த பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அழுதாள் என்று சிமியோனுக்குத் தெரிந்தது. அவன் அவளுடைய முதுகைத் தடவினான். அழுது முடிந்ததும் அவளுக்குப் பசித்தது. சிமியோன் வெளியே ஓடிப்போய்த் தோசையும் சம்பலும் வாங்கி வந்தான். அவள் கடுதாசிச் சரையை மடியில் வைத்துத் தின்றாள். கனிசியஸுக்கு ஒன்று கொடுக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

லூர்த்தம்மா டொக்டர் போகிற வழியில் போய் நின்றாள். "ஐயா, எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. இவன் பெரியவனாகி, இவன்ரை பெடியனுக்கும் வருமோ?"

"பெடியனுக்குத் தகப்பன்ரை எக்ஸ் போகாது, அம்மா. பெட்டையளுக்குத்தான் போகும். உங்கடை பேத்தியிட்டையும் இருக்கக்கூடும். பெரியவளாகேக்கை சொல்லிக் குடுங்கோ. வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை."

"சாபம் ஒண்டுமில்லையே?"

"ஒரு புரதம் குறைவு, அம்மா. அவ்வளவுதான்."

அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விறாந்தைக்குப் போனாள். அங்கே நோயாளர் பார்க்க வந்த ஆட்கள் குடையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

"என்ரை பேரனுக்கு ஒரு புரதம் குறைவு" என்று லூர்த்தம்மா அவர்களிடம் உரத்துச் சொல்வது வார்ட்டுக்குள் கேட்டது. "என்ரை மகனுக்கும் குறைவு. அவ்வளவுதான், வேறை ஒண்டுமில்லை. நீங்கள் வீட்டிலை துணிக்குள்ளை வெள்ளை உருண்டை போடுறனீங்களோ? கேளுங்கோ, சொல்லுறன்..."

ஸ்ரெல்லா கடைசித் தோசையைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் தாய் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் இவ்வளவு குரலெடுத்துப் பேசி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நேர்ஸ் வந்து சத்தம் போடவேண்டாம் என்று சொன்னாள். லூர்த்தம்மா ஒரு கணம் நிறுத்தி, நேர்ஸுக்கும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.